கூச்ச சுபாவமுள்ள பிள்ளையும் பல்கலைக்கழக முதலாமாண்டும்: ஸ்கூடாய்க்குப் புறப்படுவோர் அறிய வேண்டியவை

ஒவ்வோர் ஆண்டும் புதிய கல்வியாண்டு தொடங்கும்போது நாட்டின் பல மூலைகளிலிருந்து குடும்பங்கள் ஜொகூர், ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு (யூ.டி.எம்.) வந்து சேர்கின்றன. சுங்கைப்பட்டாணி, தைப்பிங், கிள்ளான், சிகாமட் எனப் பல ஊர்களைச் சேர்ந்த நம் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் தேர்வுகளில் நல்ல புள்ளிகள் எடுத்து இடம் பிடித்தவர்கள். பெட்டி படுக்கையை விடுதி அறையில் இறக்கி வைத்துவிட்டு, இனிப் படிப்பது மட்டும்தான் பாக்கி என்ற நிம்மதியோடு பெற்றோர் ஊர் திரும்புகிறார்கள்.

வீட்டிலும் பள்ளியிலும் அதிகம் பேசாமல் வளர்ந்த பிள்ளைக்கு முதல் சில வாரங்களில் சிக்கல் பெரும்பாலும் பாடத்தில் வருவதில்லை. யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கத்தில்தான் வருகிறது. கேட்காமல் விட்ட ஒரு சந்தேகம் இடுபணியில் புள்ளியைக் குறைக்கும். தவறவிட்ட ஓர் அறிவிப்பு பாடப் பதிவையே பாதிக்கும். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் தொடர்ந்து கிடைக்கத் தேர்ச்சிப் புள்ளி சராசரி 2.00-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். முதல் வகுப்பில் தேறுவோர் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குப் பெறலாம். ஆகவே, கூச்சத்தால் முதல் தவணையில் இழக்கும் புள்ளிகளுக்கு வெள்ளிக் கணக்கும் உண்டு.

பள்ளிக்கும் வளாகத்துக்கும் உள்ள தூரம்

யூ.டி.எம்.-இன் வேர் 1904-இல் கோலாலம்பூரில் தொடங்கிய ட்ரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்து, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஸ்கூடாய் வளாகம் ஆயிரம் ஹெக்டருக்கும் அதிகமான பரப்புடையது. விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு வளாகப் பேருந்திலோ மோட்டார் சைக்கிளிலோ போகும் மாணவர்கள் அதிகம். பல தோட்டங்களைச் சேர்த்தாற்போன்ற அந்தப் பரப்பில் புதியவர் திகைத்து நிற்பது இயல்பு.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. பள்ளியில் ஒரே வகுப்பறை, ஒரே முகங்கள், பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர். பேசாத மாணவனைக்கூட ஆண்டு முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் மண்டபமும் கூட்டமும் மாறும். காலையில் பக்கத்தில் உட்கார்ந்தவரை மாலையில் காண முடியாது. பள்ளியில் தானாக நடந்த அறிமுகத்தை இங்கே நாமே தொடங்க வேண்டியிருக்கிறது. கூச்ச சுபாவமுள்ளவருக்கு இதுதான் முதல் அதிர்ச்சி.

கூச்சம் எது, நோய் எது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் பிலிப் ஸிம்பார்டோ 1970-களில் கூச்சத்தைப் பற்றி விரிவான கருத்தாய்வு நடத்தினார். அதில் பங்கேற்றவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் தாங்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்றே சொன்னார்கள். நிறைந்த விரிவுரை மண்டபத்தில், தான் ஒருவன் மட்டுமே இப்படி என்று நினைக்கும் மாணவர் கணக்கில் தவறு செய்கிறார்.

மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தனிமையை விரும்புவது ஒன்று. அப்படிப்பட்டவர் கூட்டத்தில் களைத்துப் போவார். அறையில் தனியாக இருந்தால் தெம்பு பெறுவார். அவருக்குப் பயம் எதுவும் இல்லை. கூச்சம் இரண்டாவது. பேச ஆசை இருக்கும். மற்றவர் எடை போடுவார்களோ என்ற அச்சம் தடுக்கும். மூன்றாவது சமூகப் பதற்றக் கோளாறு. வகுப்புக்கே போக முடியாமல், சாப்பாட்டுக் கடையில் வரிசையில் நிற்கக்கூட முடியாமல், மாதக்கணக்கில் வாழ்க்கையை முடக்கும் அச்சம் அது. முதல் இரண்டும் சுபாவம். மூன்றாவதற்கு மருத்துவ உதவி தேவை. உதவி பெற்றால் தேறவும் முடியும்.

கூச்சத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் மொழி

நம் பிள்ளைகளின் கூச்சத்தில் ஒரு பங்கு உண்மையில் மொழித் தயக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் தமிழில் படித்தவர், இடைநிலைப் பள்ளியில் தேசிய மொழிக்கு மாறுகிறார். சிலர் இடையே புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து வருகிறார்கள். பல்கலைக்கழகத்தில், குறிப்பாகப் பொறியியல் துறைகளில், பாடநூலும் விரிவுரையும் பெரும்பாலும் ஆங்கிலம். அறைத் தோழரிடம் மலாய், குழுப்பணியில் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு, வீட்டுக்கு அழைத்தால் தமிழ். ஒரே நாளில் மூன்று மொழிகளுக்கு இடையே ஓடும் பிள்ளை, தமிழில் நகைச்சுவையாகப் பேசுபவராக இருந்தாலும், வகுப்பில் வாய் திறவாதவராகத் தோன்றலாம்.

சிறிய தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது இன்னும் கூடுதலாக உறைக்கும். 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்துகிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை அந்த வகையைச் சேர்ந்தவை. பத்துப் பதினைந்து பேர் கொண்ட வகுப்பிலிருந்து தொடங்கியவருக்கு நூறு பேர் மண்டபம் மலைப்பைத் தருவதில் வியப்பில்லை.

காரணம் மொழி என்று தெரிந்தால் மருந்தும் மாறுகிறது. துணிச்சல் போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்வதை விட, கேட்க வேண்டிய கேள்வியை முன்கூட்டியே ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதி வைத்துக்கொள்வது பலன் தரும். பாடத்தின் பத்து முக்கியக் கலைச்சொற்களை விரிவுரைக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், வகுப்பில் அந்தச் சொல் நாக்கில் தடுக்காது. மூயட் தேர்வின் பேச்சுப் பகுதியில் குழுக் கலந்துரையாடலைச் செய்துதான் எல்லாரும் வந்திருக்கிறார்கள். அதே பயிற்சி இங்கேயும் உதவும்.

எல்லாரும் பார்க்கிறார்களா?

கூச்சத்தின் பெரும்பாரம், எல்லார் கண்ணும் நம்மீதே இருப்பதாக எண்ணுவது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பாடகரின் பெரிய படம் போட்ட, அணியவே வெட்கப்படும் டி-சட்டையை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று சட்டை அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே.

2018-இல் வெளியான வேறோர் ஆய்வும் குறிப்பிடத்தக்கது. முதன்முறை சந்தித்துப் பேசியவர்கள், எதிரில் இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். ஒரே விடுதிப் பகுதியில் தங்கிய முதலாமாண்டு மாணவர்களிடையே இந்தத் தவறான மதிப்பீடு பல மாதங்கள் நீடித்தது. அறைத் தோழர் தன்னை வேண்டாதவராகப் பார்க்கிறார் என்று ஒரு பிள்ளை நினைத்தால், அந்த அறைத் தோழரும் அதே கவலையில் இருக்க வாய்ப்பு உண்டு.

ஒரு பாடம் என்றால் 120 மணி நேரம்

கூச்சம் படிப்பை எங்கே தொடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். மலேசியாவில் எம்.கியூ.ஏ. வகுத்த முறைப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். வாரம் 3 மணி நேரம் வீதம் 14 வாரம் விரிவுரை என்று வைத்துக்கொண்டாலும் 42 மணி நேரம்தான் ஆகிறது. மீதி 78 மணி நேரம் சுயமாகப் படிப்பது, இடுபணி, குழுப்பணி, தேர்வுக்கான தயாரிப்பு.

பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து குறிப்பெடுத்தால் அந்த 42 மணி நேரத்தைக் கடந்துவிடலாம். யூ.டி.எம்.-இல் வகுப்பு வருகை 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதும் அதில் நிறைவேறிவிடும். மற்ற 78 மணி நேரத்தில்தான் ஆள் துணை வேண்டும். முந்தைய ஆண்டுத் தேர்வுத் தாள் யாரிடம் உள்ளது, இடுபணியை எந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும், எந்தத் தலைப்பு கடினம் என்பதெல்லாம் சக மாணவர்கள் வழியாகவும் வாட்சாப் குழுக்கள் வழியாகவும் பரவும் செய்திகள். யாரையும் தெரியாதவருக்கு அவை தாமதமாக வரும். சில வேளை வராமலே போகும். திறமைசாலியான பிள்ளையின் புள்ளி சரிவதற்கு இதுவே காரணமாகிவிடலாம்.

குழுப்பணியிலிருந்து தப்ப முடியாது

பொறியியல் பட்டப்படிப்புகளை மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் கீழுள்ள அங்கீகார மன்றம் மதிப்பிடுகிறது. பட்டதாரி பெற்றிருக்க வேண்டிய ஆற்றல்களின் பட்டியலில் கணக்கும் வடிவமைப்பும் மட்டுமல்லாமல் குழுப்பணியும் தொடர்பாடலும் இருக்கின்றன. அதனால் முதலாமாண்டிலேயே குழு இடுபணியும் வகுப்பின் முன் படைத்தலும் வந்துவிடும்.

இது கூச்சமுள்ளவருக்குப் பாதகம்போலத் தோன்றினாலும் அதில் ஓர் உதவியும் உண்டு. யூ.டி.எம்.-இல் பேராசிரியர் கைரியா முகமட் யூசோப் முன்னெடுத்த கூட்டுறவுச் சிக்கல்வழிக் கற்றல் முறையில், மாணவர் முதலில் தனியாகச் சிந்தித்து எழுதுகிறார். அதைச் சிறு குழுவில் பகிர்கிறார். பிறகே முழு வகுப்பும் பேசுகிறது. இந்த வரிசையை எந்தக் குழுப்பணியிலும் ஒருவர் தனக்காகப் பின்பற்றலாம். கூட்டத்துக்கு முந்திய இரவே இரண்டு குறிப்புகளை எழுதிக்கொண்டு, பேச்சு சூடு பிடிக்கும் முன் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேரம் ஆக ஆக நுழைவது கடினம்.

எந்தப் பொறுப்பு என்பதையும் தானே முன்வந்து எடுத்துக்கொள்வது நல்லது. கணக்கீடு, வரைபடம், அறிக்கையைத் தொகுத்தல் என்று ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவரைக் குழு தேடி வரும். அதே நேரத்தில், படைத்தலைக் குழுவில் வாயாடியிடமே எப்போதும் விட்டுவிடக் கூடாது. முதல் தவணையில் ஒரு நிமிடம், அடுத்த தவணையில் மூன்று நிமிடம் என்று பேசும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கடைசி ஆண்டுத் திட்டப்பணியைத் தேர்வாளர் முன் விளக்கும்போது கால் நடுங்காது.

விரிவுரையாளரிடம் எப்படிக் கேட்பது?

மண்டபத்தில் கை உயர்த்துவது மட்டுமே கேட்கும் வழி என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். விரிவுரை முடிந்ததும் அருகில் போய்க் கேட்கலாம். விரிவுரையாளர் சந்திக்க ஒதுக்கிய நேரத்தில் அறைக்குப் போகலாம். மின்னஞ்சலோ வாட்சாப்போ அனுப்பலாம். செய்தியில் வணக்கம், பெயர், மெட்ரிக் எண், பாடக் குறியீடு, பிரிவு எண், ஒரே ஒரு கேள்வி, நன்றி ஆகியவை இருந்தால் போதும். நேரில் பேசும்போது டாக்டர், புரொஃபசர், என்சேக், புவான் என அவரவர்க்குரிய விளிப்பைப் பயன்படுத்துவது மரியாதை. எது என்று தெரியாவிட்டால் துறையின் இணையப் பக்கத்தில் பெயரோடு இருக்கும்.

ஒவ்வொரு மாணவருக்கும் கல்வி ஆலோசகராக ஒரு விரிவுரையாளரை நியமிப்பார்கள். பாடத்தைப் பதிவது, கைவிடுவது, புள்ளி சரிந்தால் என்ன செய்வது ஆகியவற்றுக்கு முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும். பிரச்சினை முற்றிய பிறகு முதன்முறை போவதைவிட, இரண்டாம் வாரத்திலேயே போய் அறிமுகப்படுத்திக்கொண்டால் பின்னர் கதவைத் தட்டத் தயக்கம் இருக்காது.

கூட்டாளி கிடைக்க எவ்வளவு காலம்?

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் இதைக் கணக்கிட முயன்றார். அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் மதிப்பீடு. அந்த ஆய்வில் முதலாமாண்டு மாணவர்களும் இருந்தனர். கடமைக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட, சேர்ந்து சாப்பிடும், உலவும், கதை பேசும் நேரமே நட்பை வளர்க்கிறது என்பதும் அவர் கண்டது.

இதை ஸ்கூடாய்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒருவரோடு வாரம் 4 மணி நேரம் கழித்தால், 14 வாரத் தவணை முடியும்போது 56 மணி நேரம். அதாவது ஒரு முழுத் தவணையில் சாதாரண நட்பு. நெருங்கிய கூட்டாளிக்கு ஏறக்குறைய ஓராண்டு. தீபாவளிக்கு வீடு திரும்பும்போது, இன்னும் எனக்கு யாரும் அமையவில்லை என்று அழும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: தாமதம் எதுவும் நடக்கவில்லை, கணக்கு இன்னும் முடியவில்லை.

அந்த மணி நேரங்கள் சேர எளிய வழி, ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போவது. ஒவ்வொரு செவ்வாயும் சுல்தானா ஸானாரியா நூலகத்தில் அதே மேசை, விரிவுரையில் அதே வரிசை, மாலையில் அதே பூப்பந்துத் திடல். மூன்றாம் வாரம் முகம் தெரியும். ஐந்தாம் வாரம் பெயர் தெரியும். எட்டாம் வாரம் சேர்ந்து சாப்பிடப் போகலாம். புதியவர்களிடம் பேச்சைத் தொடங்கும் சாமர்த்தியம் இல்லாதவருக்கு இது பொருத்தமான வழி. இருபது சங்கங்களில் பெயர் கொடுத்து ஒரு தடவை எட்டிப் பார்ப்பதைவிட, ஒன்றில் சேர்ந்து தொடர்ந்து போவது மேல்.

நம்மவர் வட்டம்: நிழலும் வேலியும்

இந்திய மாணவர்களின் பண்பாட்டுக் குழுக்கள், தீபாவளி, பொங்கல் கொண்டாட்டங்கள், தாமான் யூனிவர்சிட்டியின் வாழையிலைச் சாப்பாடு எல்லாம் புதியவருக்குப் பெரிய ஆறுதல். தமிழில் பேசிச் சிரிக்கும் ஒரு மணி நேரம், அந்த வாரத்தின் களைப்பைப் போக்கும். நிகழ்ச்சி ஏற்பாடுகளில் நாற்காலி அடுக்குவது, ஒலிபெருக்கி பார்ப்பது போன்ற மேடைக்குப் பின்னாலான வேலைகள் கூச்சமுள்ளவருக்கு ஏற்றவை. வேலை கையில் இருந்தால் பேச்சு தானாக வரும்.

ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே நான்கு ஆண்டுகளையும் கழித்தால் மொழித் தயக்கம் அப்படியே நின்றுவிடும். குழுப்பணிக்கு எப்போதும் நம்மவரையே தேடாமல், ஒரு பாடத்திலாவது மலாய், சீன மாணவர்களோடு சேர்வது பிற்பாடு வேலையிடத்துக்கும் கைகொடுக்கும்.

பெற்றோர் செய்யக்கூடியது

பசியாறிவிட்டாயா, படித்தாயா என்ற இரண்டு கேள்விகளோடு தொலைபேசி உரையாடல் முடிந்துவிடக் கூடாது. இந்த வாரம் யாரோடு சாப்பிட்டாய், குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பிள்ளையின் நிலை தெரியவரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு, வாய் திறந்து பேசக் கற்றுக்கொள் என்று அதட்டுவது கூச்சத்தை மேலும் இறுக்கும். ஒவ்வொரு வார இறுதியும் வீட்டுக்கு வரச் சொல்வதும் முதல் தவணையில் நல்லதல்ல. நட்புக்குத் தேவையான மணி நேரங்கள் பெரும்பாலும் வார இறுதியில்தான் கிடைக்கின்றன.

சில அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் வகுப்புக்குப் போகாதது, தூக்கமும் சாப்பாடும் கெட்டது, அழைப்பை எடுக்காதது, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு. இவை கூச்சத்தைக் கடந்தவை. பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவை உடனே நாட வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் அழைக்கலாம். உதவி கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தைப் பிள்ளையின் மனத்திலிருந்து முதலில் எடுக்க வேண்டியவர்கள் பெற்றோரே.

மூத்த மாணவர்களின் ஒரு மணி நேரம்

கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலாமாண்டு மாணவர்களிடம் மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் நாங்களும் இந்த இடத்துக்கு உரியவர்கள்தானா என்று தயங்கினோம், பிறகு அது மாறியது என்பதே அவற்றின் சாரம். சுமார் ஒரு மணி நேரப் பயிற்சிதான். பல்கலைக்கழகத்தில் சிறுபான்மையாக இருந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சிப் புள்ளிகள் அதன் பின் மூன்றாண்டுகளில் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன.

நம் மாணவர்களும் பொதுப் பல்கலைக்கழகங்களில் சிறுபான்மையினரே. ஸ்கூடாயில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் தங்கள் முதல் தவணையை உள்ளபடி சொல்லலாம்: எந்தத் தேர்வில் சறுக்கினோம், எத்தனை நாள் தனியாகச் சாப்பிட்டோம், எந்த வாரத்தில் நிலைமை மாறியது என்று. புதியவர்களை வரவேற்கும் நாளில் ஆட்டம் பாட்டத்துக்கு நடுவே இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, அந்தக் கூட்டத்தில் மிகவும் தேவைப்படுவது அதுவாகவே இருக்கும்.